பட்டறை அண்ணாச்சி பதில்கள்: வீட்டு வாசலில் கார் சர்வீஸ்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். சர்வீஸ் பில் கட்டி மாளவில்லை, வீட்டிலேயே நாமே பார்த்துக்கொள்ளலாமா? செங்கோட்டை–புளியரை ரோட்டில் பட்டறை வைத்துப் பிழைக்கிறவனிடமே இதைக் கேட்கிறீர்கள். இருக்கட்டும், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லாரி, டிராக்டர் கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது எட்டு வருஷப் பழைய சின்ன பெட்ரோல் கார். வருஷத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருப்பதால் மாதம் ஒரு தடவை மலை ஏறி இறங்கும். போன சர்வீஸுக்கு 7,255 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில் நகல் இணைத்திருக்கிறேன். "வீடியோ பார்த்து நீங்களே செய்யுங்கப்பா" என்கிறான் மகன். எனக்கு வயது 64. செய்யலாமா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இலஞ்சி

பதில்: சார், முதலில் பில்லைத் திருத்துவோம். நீங்கள் பரீட்சைப் பேப்பர் திருத்தியவர், உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஆயில் 1,410, ஆயில் ஃபில்டர் 120, வாஷர் 15, ஏர் ஃபில்டர் 260. வண்டிக்குள் உண்மையில் போன பொருள் இவ்வளவுதான். கூட்டினால் 1,805. லேபர் 1,900. அதற்குக் கீழே இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. இன்ஜின் ஃபிளஷ் 450, திராட்டில் பாடி கிளீனிங் 650, ஏ.சி. கிருமிநாசினி 900, உள் சுத்தம் 800, வீல் அலைன்மென்ட் பேலன்ஸிங் 750. மொத்தம் 3,550. பில்லில் பாதி இது. இதை மிச்சப்படுத்த ஸ்பேனர் எதுவும் தேவையில்லை. வண்டியை விடும்போது "ஆயில், ஃபில்டர் மட்டும் மாத்துங்க, வேற எதுன்னாலும் போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்று ஜாப் கார்டில் எழுத வைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

காலாகாலத்தில் ஆயில் மாற்றுகிற வண்டிக்கு இன்ஜின் உள்ளே கழுவுகிற ஃபிளஷ் எதற்கு? திராட்டில் பாடியை, அதாவது இன்ஜினுக்குக் காற்று போகிற வாசலைச் சுத்தம் செய்வது, நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கித் துடித்தால்தான். ஏ.சி. கிருமிநாசினி என்பது முக்கால்வாசி இடத்தில் ஒரு டப்பா வாசனை ஸ்பிரே. அதற்குப் பதிலாக முன்சீட்டு டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் இருக்கும், ஏ.சி. காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் திருப்புளிகூட வேண்டாம், கையாலேயே கழற்றிவிடலாம். உள் சுத்தத்துக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அலைன்மென்ட் மட்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ கட்டாயம் பார்க்க வேண்டும். எதுவும் இல்லாமல் வருஷா வருஷம் சடங்காகப் பார்க்க வேண்டாம்.

இனி அந்த 1,900 லேபர். இதை மிச்சம் பிடிக்கத்தான் நீங்கள் வண்டிக்கு அடியில் போக வேண்டும். இங்கேதான் நான் கொஞ்சம் முகம் சுளிப்பேன். வண்டியோடு கொடுத்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் விட்டால் சத்தம் கேட்டு வெளியே வர நேரமிருக்காது. அடியில் போவதென்றால் ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வேண்டும், கூட ஒரு ஆள் நிற்க வேண்டும். மண் வாசலில் செய்கிற வேலை இல்லை இது.

இவ்வளவும் இருக்கிறது, முட்டியும் ஒத்துழைக்கிறது என்றால் வேலை கஷ்டமில்லை. இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். வெதுவெதுப்பில் ஆயில் முழுசாக வடியும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். மேலே ஊற்றுகிற மூடியைத் திறந்துவிட்டு, அடியில் டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். வாய் திறந்த ஸ்பேனர் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும், அப்புறம் என்னிடம்தான் வர வேண்டும். ஆயில் முதலில் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய நேர் கீழே விழும். அதற்கேற்ப அடியில் வைத்த தொட்டியை நகர்த்துங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடேயே வந்ததா என்று பாருங்கள். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து அதன்மேல் புதுசை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே முடுக்கி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பலசாலித்தனம் வேண்டாம். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முதல் நாலைந்து சுற்றை விரலால் ஏற்றுங்கள். இன்ஜினின் ஆயில் தொட்டி அலுமினியமாக இருந்தால் மரை போவது ஒரு நொடி வேலை. அந்த மரையைச் சரிசெய்கிற செலவில் ரெண்டு சர்வீஸ் செய்துவிடலாம்.

ஆயில் கிரேடு வண்டிப் புத்தகத்தில் உள்ளதுதான், வேறு பேச்சில்லை. "மலை ஏறுற வண்டி, கெட்டி ஆயில் ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 கேனை நீட்டுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய அம்பாசிடர் காலத்து யோசனை. இப்போதைய இன்ஜின்களில் ஆயில் ஓடுகிற வழி குறுகல், பலவற்றில் வால்வு திறந்து மூடுகிற நேரத்தை மாற்றுவதும் ஆயில் அழுத்தம்தான். கெட்டி ஆயில் காலையில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், மைலேஜும் குறையும். புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, கசிவு பார்த்து, நிறுத்தி ஆறவிட்டு, ஆயில் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கில் ரெண்டு கோட்டுக்கும் நடுவில் வருகிற மாதிரி மீதியைச் சேருங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் பெரும்பாலான கார்களுக்குக் கணக்கு; உங்களுக்கு வருஷக் கணக்கு.

ஆனால் சார், ஜாக்கி ஸ்டாண்டு, ஸ்பேனர் செட், ஃபில்டர் கழற்றுகிற சாவி, புனல், தொட்டி என்று வாங்கினால் முதல் வருஷம் மிச்சம் பிடித்த லேபர் காசு அதற்கே சரியாகிவிடும். அதனால் 64 வயதில் என் யோசனை இது: ஆயிலும் ஃபில்டரும் நீங்களே கடையில் வாங்குங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றித் தரச் சொல்லுங்கள். கம்பெனி லேபரில் ஒரு பங்கு கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாம், புது ஃபில்டர்தான் போகிறதா என்று கண்ணால் தெரிந்துகொள்ளலாம். ஏர் ஃபில்டரும் கேபின் ஃபில்டரும் வீட்டில் நீங்கள் மாற்றுங்கள். 7,255 பாதிக்கும் கீழே வந்துவிடும்.

கேள்வி: கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கி முடிக்கும்போது பிரேக் மெத்தென்று உள்ளே போகிறது. கொஞ்ச நேரம் நின்றால் சரியாகிவிடுகிறது. வீட்டுக்காரர், "பிரேக் ஆயில் நானே மாத்துறேன், ரெண்டு பேர் இருந்தா போதும், நீ மிதி, நான் கீழ திறக்கேன்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, புளியரை

பதில்: தங்கச்சி, உன் பயம் நியாயமானது. வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டு.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, பிறகு 155. நம் எஸ் வளைவில் முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் நீங்கள் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடு அங்கே போய் நிற்கும். ஆயில் கொதித்துக் குமிழ் விடும். ஆயிலை அழுத்த முடியாது, குமிழை அழுத்தலாம். அதனால்தான் கால் உள்ளே போகிறது. ஆறினால் குமிழ் அடங்கும், சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஆயிலை மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். சாரல் அடிக்கிற நம் பக்கத்தில் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மாற்றுகிற வேலை வீட்டுக்காரர் சொல்கிறபடிதான், ரெண்டு பேர் போதும். ஆனால் குழாயில் ஒரு காற்றுக் குமிழ் தங்கிவிட்டால் அதைக் கண்டுபிடிக்கிற இடம் எஸ் வளைவாக இருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற புதுக் கார் எல்லாவற்றிலும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். உண்டு, சிலவற்றில் அதற்குள் இருக்கிற காற்றை எடுக்க கம்ப்யூட்டர் கருவி வேண்டும். பட்டறையில் விடுங்கள். இதில் மிச்சம் பிடிக்கிற காசு எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். பேடு, பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு, எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் நம் ஆட்களிடம் அதிகம். இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலில் ஓடப் பெட்ரோல் குடிக்கும். சாவியையே அணைத்து இறங்குகிற மகான்களும் உண்டு. ரெண்டு மூன்று மிதியில், பெடலை லேசாக்குகிற பிரேக் பூஸ்டரின் பலம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

கேள்வி: கார் என்னுடையது, ஓட்டுவதும் நான். ஆனால் பட்டறைக்குப் போனால் கூட வந்த தம்பியிடம்தான் பேசுகிறார்கள். அவனுக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது. வண்டியைப் பற்றி நானே தெரிந்துகொண்டு பேச வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஆசிரியை, அச்சன்புதூர்

பதில்: டீச்சர், எங்கள் ஆட்கள் சார்பில் வெட்கப்படுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானட்டைத் திறக்கிற வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது அழுக்கைச் சுமப்பதற்காகவே இருக்கிறது. பால் காப்பி நிறத்துக்கு வந்தால்தான் கவலை, தண்ணீர் கலந்திருக்கலாம். கூலண்ட் டப்பாவில் ரெண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா? வாராவாரம் குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது; ஊற்றிக்கொண்டே இருப்பது வைத்தியமில்லை. சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. பிரேக் ஆயில் டப்பாவும் அப்படித்தான். குறைந்தால் பேடு தேய்ந்திருக்கும், இல்லை கசிவு இருக்கும். நீங்களாக ஊற்றி நிரப்பி அந்த அடையாளத்தை அழித்துவிடாதீர்கள்.

டயர் காற்றை ஓடுவதற்கு முன் ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். பங்க்கில் "முப்பத்தஞ்சு வைக்கேன்" என்று சொல்வதைக் கேட்காதீர்கள். டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடுகள் தெரியும். தேய்ந்து அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், மாற்றியே ஆக வேண்டும். ஆரியங்காவு மழையில் போகிற வண்டிக்கு அதுவரை காத்திருப்பதே அதிகம் என்பேன். ஸ்டெப்னியில் காற்று பார்க்கிறவரை இந்த வட்டாரத்தில் நான் அதிகம் கண்டதில்லை. நீங்களாவது பாருங்கள்.

அடுத்து ஏர் ஃபில்டர். பெரும்பாலும் கிளிப் நாலைந்துதான். கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் தினமும் ஊர்ந்தால், புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை அது தாங்காது. எடுத்துத் தரையில் லேசாகத் தட்டுங்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், அது காகிதம். மாற்றியது நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தடவை பட்டறையில் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இல்லாவிட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. எந்தப் பாகம் மாற்றினாலும் "பழசைக் கையில் கொடுங்க" என்று கேளுங்கள். அதைக் கேட்கிறவரிடம் யாரும் கதை அளப்பதில்லை.

கேள்வி: புது கார் வாங்கி ஒன்றரை வருஷம். நானே ஆயில் மாற்றலாமா?
— எஸ்டேட் ஊழியர், தென்மலை

பதில்: வாரண்டி முடிகிறவரை வேண்டாம். இலவச சர்வீஸ் என்பது பெரும்பாலும் லேபர் மட்டும்தான், ஆயிலுக்குக் காசு உண்டு. அது தெரியாமல் ஏமாந்த கோபத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்றாலும் நாளைக்கு இன்ஜினில் ஒன்று வந்தால் "சர்வீஸ் எங்கே செய்தீர்கள்" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. மேலே தலைமையாசிரியருக்குச் சொன்ன மாதிரி வேண்டாத வேலைகளை வேண்டாம் என்று சொல்லுங்கள், பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணே, அப்பாவும் நானும் ஆயில் மாற்றினோம். பழைய ஆயில் மூணு லிட்டர் கேனில் இருக்கிறது. கரையானுக்குத் தொழுவத்து மரத்தில் அடிக்கலாம் என்கிறார் அப்பா. மீதியை என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், வடகரை

பதில்: தம்பி, அப்பா சொல்வது நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனால் மாடு அந்த மரத்தை நக்கும். பழைய ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகத் தூள் இருக்கிறது. தோலில் தொடர்ந்து படுவதும் நல்லதல்ல, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காலில் ஊற்றினால் அனுமன் நதிக்குப் போகும், அதில்தான் உங்கள் வயல் பாய்கிறது. சட்டத்திலும் பழைய ஆயில் அபாயக் கழிவுக் கணக்கில் வருகிறது. கேனை இறுக்க மூடி ஏதாவது பட்டறையில் கொடுங்கள். எங்களிடம் பீப்பாயில் சேர்த்து வைப்போம், எடுக்கிற ஆள் வருவார். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க வடியவிட்டு அதையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஸ்பேர் பார்ட்ஸ் தென்காசியில் வாங்கலாமா, புனலூரிலா? எது ஒரிஜினல்?
— ஆட்டோ கன்சல்டிங் நடத்துபவர், கடையநல்லூர்

பதில்: எங்கள் செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து சொல்ல முடியாது. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. ரெண்டு ஊரிலும் ஒன்றுதான், தள்ளுபடிதான் மாறும். நான் கடையை எடைபோடுவது வேறு மாதிரி. ஃபில்டர் கேட்டதும் "சேசிஸ் நம்பர் சொல்லுங்க" என்கிறவர் நல்ல கடைக்காரர். ஒரே பெயரில் வருகிற வண்டிக்கு வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும், அதைப் பார்த்துக் கொடுக்கிறவர் போலியும் விற்க மாட்டார். கேட்காமலே எடுத்து நீட்டி, பில் வேண்டுமா என்று இழுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: சாரல் சீசனில் காலையில் வண்டியை எடுத்ததும் சக்கரத்தில் கிரீச் என்று சத்தம். நானே கழற்றி எண்ணெய் போடலாமா?
— கடை உரிமையாளர், குற்றாலம்

பதில்: ஐயையோ, பிரேக்கில் எண்ணெயா! ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ராத்திரி ஈரத்தில் டிஸ்க் மேல் மெல்லிய துரு படிகிறது, அவ்வளவுதான். ரெண்டு மூன்று தடவை மிதித்தால் தேய்ந்து போய்விடும். நாள் முழுக்கக் கத்தினால் வேறு விஷயம். பேடு தேய்ந்ததும் சத்தம் கொடுக்கவென்றே சில வண்டிகளில் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். அது டிஸ்க்கில் உரசுகிறது என்றால் அந்த வாரமே பேடு மாற்றுங்கள். சீசனில் ரெண்டு மூன்று நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் சமதரையில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஈரத்தில் அது பிடித்துக்கொண்டு வண்டியை நகர விடாது.